உள்பக்கத் தாழ்ப்பாள்

செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஏகப்பனுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் கதை எழுத வந்தது. அதுவும் தானாக வரவில்லை. மகள் நாகம்மைக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. சொறியக் கூடாது, வெளியே போகக் கூடாது. வேப்பிலைக் கொத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தவர், பிள்ளையின் கை உடம்புக்குப் போகாமல் இருப்பதற்காக வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

வந்தது செல்வி என்ற பெண்ணின் கதை. கல்லரக்கன் ஒருவன் அவளுடைய அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டையில் அடைத்துவிடுகிறான். ஒன்பது வாசல், வாசலுக்கு ஒரு பூட்டு. செல்வியிடம் சாவி கிடையாது. ஆனால் அவளுக்கே தெரியாமல் அவளுக்குள் ஒரு சக்தி ஒளிந்திருக்கிறது. பூட்டின் மேல் கையை வைத்து மந்திரம் சொன்னால் எப்பேர்ப்பட்ட பூட்டும் திறந்துகொள்ளும்.

"என்ன மந்திரம், அப்பச்சி?" என்று கேட்டாள் நாகம்மை. செட்டியார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும்.

"தித், நித், தோன், லே, ஙா."

பிள்ளை சொறிவதை மறந்து அதைத் திருப்பிச் சொன்னது.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் நாகம்மை விடவில்லை. நாலாவது வாசலில் என்ன இருந்தது, ஐந்தாவது வாசல் பாம்பை எப்படித் தாண்டினாள் என்று நச்சரித்தாள். சொன்னதை மறந்துவிடக் கூடாதென்று ஏகப்பன் எழுதி வைக்கத் தொடங்கினார். எழுதியதைச் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் மாத இதழுக்கு அனுப்பினார். அவர்கள் தொடராகப் போட்டார்கள். பிறகு 'சாவியில்லாச் செல்வி' என்று புத்தகமாகவும் வந்தது. எழுதியவர் பெயர் நெற்குப்பையான். நெற்குப்பை அவருடைய சொந்த ஊர்.

கடைசி அத்தியாயத்தில் ஒன்பதாவது வாசல் திறக்கிறது. இருட்டில் தாடியும் சடையுமாக உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொள்கிறார். "நீ வருவாய் என்று எனக்குத் தெரியும், மகளே" என்கிறார். அந்த வரியைப் படித்து அழுததாக எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ எழுதின. கடையில் முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர் ஏகப்பன். அந்தக் கார்டுகளைக் கணக்குப் பேரேட்டுக்கு அடியில் வைத்து, ஆள் இல்லாத நேரம் எடுத்துப் படித்துக்கொள்வார்.

கதை எங்கிருந்து வந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜப்பான் சண்டை முடிந்த மறு வருஷம், இருபத்திரண்டு வயதில், அவர் பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். ஐராவதி கடலில் சேரும் பக்கம் ஒரு சிற்றூரில், செட்டியார் ஒருவரின் அரிசி மில்லில் கணக்கு வேலை. மில் வாசலில் பலகாரத் தட்டோடு வந்து உட்காருவாள் மா தின் என்ற பெண். பேச்சுத் தெரியாத ஊரில் அவரிடம் சிரித்துப் பேசிய முதல் ஆள் அவள்தான். மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்துச் சேர்ந்து இருந்தார்கள். ஒரு பெண் பிறந்தது. தாய் மீமீ என்று கூப்பிட்டாள். ஏகப்பன் உமையாள் என்று பேர் வைத்தார்.

பெட்டியடி அறையில் ரொக்கம் இருந்ததால் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டுதான் கணக்கு எழுதுவார். குழந்தை வெளியே வந்து கதவைத் தட்டும். தட்டிவிட்டு, பர்மாப் பேச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை எண்ணும். ஐந்து என்றதும் அவர் தாழைத் திறக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. தித், நித், தோன், லே, ஙா.

உமையாளுக்கு ஆறு வயதானபோது மில் மூடிவிட்டது. ஊரிலிருந்து அவருடைய அப்பச்சி வரச்சொல்லி ஆள் விட்டார். "மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன்" என்று மா தின்னிடம் சொல்லிவிட்டு ரங்கூனில் கப்பல் ஏறினார். அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நெற்குப்பையில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள், தேனம்மை. இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாலி கட்டினார். பர்மாவுக்கு ஒரு கடுதாசி போட்டார், அதிலும் உண்மையை எழுதவில்லை. அப்புறம் எழுதுவதையே விட்டுவிட்டார். அங்கே ஆட்சி மாறியதும், போக்குவரத்து அடைபட்டதும் பின்னால் நடந்தவை. அவருக்கு அவை வசதியாக இருந்தன.

எழுபதாம் வருஷம் ஒரு மத்தியானம், ஞானசம்பந்தம் என்ற வாத்தியார் ஜவுளிக்கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே பர்மா காலனியில், அங்கிருந்து திரும்பி வந்த சனங்களின் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்பவர்.

"நெற்குப்பையான்கிறது நீங்கதானாமே! எங்க பிள்ளைக உங்க புத்தகத்தைக் கிழியக் கிழியப் படிச்சிருக்குதுக. ஞாயித்துக்கெழமை ஒரு எட்டு வந்து நாலு வார்த்தை பேசணும்."

பர்மா காலனி என்றதுமே அவர் யோசித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு கூட்டத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி அவரை அதுவரை எவரும் அழைத்ததில்லை. அந்தச் சந்தோஷம் மற்றதையெல்லாம் மூடிவிட்டது. மந்திரத்தை நூறு தடவை எழுதி எழுதி, அது வெறும் எண்ணிக்கை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நாகம்மையும் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம்போல் தனக்கா பூசிய முகங்கள். வாத்தியார் கையை உயர்த்தியதும் எல்லாரும் ஒரே குரலில் மந்திரத்தைச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் குபீரென்று சிரித்தார்கள்.

"சார், இது மந்திரமில்லை சார்! ஒண்ணு ரெண்டு மூணு!" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி கத்தினாள்.

ஏகப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிரித்துச் சமாளித்தார். எங்கோ கேட்ட சொல், ஓசை நன்றாக இருந்ததால் போட்டுக்கொண்டேன் என்றார். பிள்ளைகள் நம்பிவிட்டன. வாத்தியார், யாராவது சந்தேகம் கேட்கலாம் என்றார். பின்னால் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் இளம்பெண் பேசினாள். லுங்கி கட்டி, தலையைத் தூக்கி முடிந்திருந்தாள்.

"அந்த அப்பாவுக்குக் கையி காலு நல்லாத்தானே இருந்துச்சு? அத்தனை வருசமும் அவரு ஏன் தானா வெளிய வரலை?"

"அரக்கன் பூட்டி வச்சிருந்தானேம்மா."

"பூட்டை யாரு பாத்தா? தாழ்ப்பா வெளிப்பக்கமா, உள்பக்கமா?"

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். ஏகப்பன் சிரிக்கவில்லை. இருபது வயது முகத்தில், மா தின்னின் பரந்த நெற்றியும் தன்னுடைய தாயின் மூக்கும் சேர்ந்து நிற்பதை அப்போதுதான் அவர் கண்டார்.

கூட்டம் கலைந்து, வாத்தியார் டீ வாங்கப் போன நேரம் அவள் கிட்டே வந்தாள். நாகம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பச்சிக்கும் நெற்குப்பைதான் சார். மில்லுல கணக்கு எழுதினாக. ஏகப்பன்னு பேரு." அவள் குரல் நிதானமாக இருந்தது. "உங்க ஊராச்சே, அவுகளைத் தெரியுமா?"

அவள் தெரிந்துதான் கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. தெரிந்தும், நானே சொல்லட்டும் என்று வழிவிட்டு நிற்கிறாள் என்பதும் புரிந்தது. 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். நாகம்மையின் பட்டுப்பாவாடை கண்ணில் பட்டது. கடை, சொந்தபந்தம், கோயில் வாசலில் கூடிக் குசுகுசுக்கும் வாய்கள் எல்லாம் ஒருசேர வந்து நின்றன.

"அந்தப் பேர்ல யாரையும் எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

நாகம்மை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பச்சி, உங்க பேருதானே…"

அவர் பிள்ளையின் கையை வலிக்கும்படி இழுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. டீ கிளாசுகளோடு எதிரே வந்த வாத்தியாரிடம் தலைவலி என்றார். குதிரைவண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் முதுகில் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. வண்டி ஊருக்குள் நுழையும்போது நாகம்மை கேட்டாள்.

"நீங்கதானே ஏகப்பன்? ஏன் இல்லைன்னீக?"

"அதெல்லாம் பெரியவுக விசயம்."

பிள்ளை தன் கையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டது. சிவந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் கதை கேட்கவில்லை. கடையிலிருந்து அவர் வந்தால் ஓடிவந்து பையை வாங்குகிறவள், பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை. யாராவது தெருவில் "ஏகப்பண்ணே" என்று கூப்பிட்டால் அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவர் திண்ணை ஓரம் நின்று பேசுவதையே விட்டுவிட்டார். கடைசியில் தன் பெயரைக் கேட்டாலே உடம்பு கூசும் நிலைக்கு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டும் பிள்ளை வீடு வரவில்லை. தேனம்மை பக்கத்து வீட்டு ஆளைக் கடைக்கு விரட்டினாள். பிள்ளை எங்கே போயிருக்கும் என்று ஏகப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காலனியில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதும் சிரமமாக இல்லை. பெத்தன் என்ற ராமநாதபுரத்துக்காரர் வீடு. மா தின் காய்ச்சலில் செத்தபிறகு அநாதையாக நின்ற பெண்ணைத் தன் மகளென்று சொல்லிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர் அவர். அவரும் மனைவியும் உமையாளுமாக அத்தோ என்கிற பர்மாச் சேமியாப் பலகாரம் விற்றுப் பிழைத்தார்கள். வாசலில் பெரிய தட்டில் அவித்த சேமியாவை ஆற வைத்திருந்தார்கள். உள்ளே, தரையில் இலைத் துண்டில் அதை வைத்துக்கொண்டு நாகம்மை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய விரிந்த கூந்தலை உமையாள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தூக்கி முடிந்து விடுவதற்கோ என்னவோ.

அவரைக் கண்டதும் உமையாள் எழுந்து வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நான் வரச் சொல்லலை சார். அதுவா விசாரிச்சுக்கிட்டு நடந்தே வந்திருச்சு. 'எங்க அப்பச்சிதான் ஏகப்பன், அவுக பொய் சொல்லிட்டாக, நீங்க எனக்கு யாரு'ன்னு கேட்டுச்சு."

ஏகப்பன் வாய் திறந்தார். "உமையா…"

"அந்தப் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் அவள். "நெற்குப்பைக்கு ஒருவாட்டி போனேன். ஏகப்பன் வீடு எதுன்னு கேட்டேன். எந்த ஏகப்பன், வீட்டு விலாசம், இனிசியல் என்னன்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும்? பாதி வீட்டுல பூட்டுத் தொங்குது. திரும்பி வந்துட்டேன். அப்புறம் வாத்தியாரு புத்தகம் கொடுத்தாரு. பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். மந்திரம் வந்த எடத்துல எனக்கு வாசிக்க முடியலை."

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"சாகுற வரைக்கும் எங்க அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உங்க அப்பச்சி நல்லவரு, அங்குட்டு அவரைக் கட்டிப்போட்டிருக்காக, விட்டா ஓடி வந்துருவாரு'ன்னு சொல்லுச்சு. நீங்க எழுதின அதே கதைதான் சார். அது நான் அழக்கூடாதுன்னு சொல்லுச்சு. நீங்க எதுக்கு எழுதினீக?"

உள்ளேயிருந்து நாகம்மை கைகழுவிவிட்டு வந்து நின்றாள். ஏகப்பன் அந்த இரண்டு முகங்களையும் பார்க்க முடியாமல், ஆற வைத்திருந்த சேமியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தார். அப்படிக் கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று பட்டது. சொல்லவில்லை.

"இருட்டப் போகுது. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் உமையாள்.

"வாரேன், ஆச்சி" என்றாள் நாகம்மை. கூடப்பிறந்த அக்காளைத்தான் அவர்கள் வீட்டில் ஆச்சி என்பார்கள். உமையாளுக்கு அது தெரியாது. ஏகப்பனுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் தேனம்மை பதறிக்கொண்டு நின்றாள். "எங்கடி போன?" என்ற கேள்விக்கு நாகம்மை, "உமையா ஆச்சி வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுத் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். மீதியை நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல. இந்த முறை ஒதுங்க இடம் இல்லை. அவர் நிலைப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மில், மா தின், பிள்ளை, கப்பல், கடைசியாகக் கீற்றுக் கொட்டகை.

தேனம்மை கத்துவாள், மண்டையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொண்டுவிக்கக் கடல் தாண்டிப் போனவுகளுக்கு அங்குட்டு ஒரு வீடு இருக்கும்னு நம்ம ஊர்ல பேசிக்கிறதுதான். உங்களுக்கும் இருந்திருக்கும்னு நெனச்சிருக்கேன். பிள்ளை இருக்குன்னு நெனக்கலை." தூணை விட்டு நிமிர்ந்தாள். "அது போகட்டும். பெத்த பிள்ளை வந்து மொகத்துக்கு நேரா கேக்குது. தெரியாதுன்னா சொன்னீக?"

"ஆமா."

"எப்படி வாய் வந்துச்சு?"

தேனம்மை சோற்றை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து பல நாள் அவரோடு பேச்சு இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே அவளும் நாகம்மையுமாகக் காலனிக்குப் போய்வந்தார்கள். அவரை வாருங்கள் என்று கூப்பிடவில்லை. போய்வந்தோம் என்று சொல்லவுமில்லை. கடைக்கு வந்த யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு அவரும் போகத் தொடங்கினார். பெத்தன் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். உமையாள் ஒரு தட்டு அத்தோ கொண்டுவந்து வைப்பாள். "சாப்பிடுங்க சார்" என்பாள். சாரை அவள் கடைசி வரை மாற்றவில்லை. மாற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுபத்திரண்டில் காலனிப் பையன் ஒருவனுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தாரை வார்த்தது பெத்தன். அதுதான் நியாயம் என்று ஏகப்பனுக்குத் தெரியும். வந்தவர்களோடு வந்தவராகப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு லீவு கேட்கும்போதுதான் முதன்முதலாக முதலாளியிடம், "மூத்த மகள் கல்யாணம்" என்று சொன்னார். விஷயம் கடைத்தெருவில் பரவியது. இரண்டு பங்காளி வீட்டுக்காரர்கள் வரப்போக இருப்பதை நிறுத்திக்கொண்டார்கள். முதலாளியோ ஒரு நாள் எல்லார் முன்னாலும் அவர் தோளைத் தட்டி, "பெரிய தைரியம்யா உமக்கு. ஊர்ல எத்தனை பேரு மறைச்சுட்டுத் திரியிறான். நீர் வெளிய சொல்லிட்டீரே" என்றார். பங்காளிகள் முகம் திருப்பியதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை நடந்துபோய்த் திறந்துவிட்டதற்குத் தன்னை மெச்சுகிறார்களே என்று காது சுட்டது. அப்படி இல்லை முதலாளி என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் காப்பி வந்தது. குடித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாகம் கேட்டுப் பதிப்பகத்தார் எழுதியபோது முடியாது என்று பதில் போட்டார். மறுபதிப்பில், "நீ வருவாய் என்று எனக்குத் தெரியும், மகளே" என்ற வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வரியாயிற்றே என்று அவர்கள் விட்டுவைத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவர் ஒரு கதையும் எழுதவில்லை.

எழுபத்தாறில் நாகம்மைக்குக் கல்யாணம். நெற்குப்பையில் வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கும் பூர்வீகப் பெரிய வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, வெள்ளை பூசினார்கள். உமையாள் வருவாள் என்று தெரிந்ததிலிருந்து ஏகப்பன் ஒன்றைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சம்பந்திகள், பங்காளிகள், அத்தனை பேரும் கூடியிருக்கும் இடத்தில் யாராவது அவள் யாரென்று கேட்பார்கள். கேட்டதும், இது என் மகள் என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். பத்திரிகை வைக்கப்போகும் வழியில் சொல்லிப் பார்த்தார்.

உமையாள் புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்தாள். வளவில், நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பெண்கள் கூட்டத்துக்கு நடுவில், நாகம்மைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நெற்குப்பையில் அந்த முகத்தை எல்லாருமே ஒரு முறைக்கு இரு முறை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி ஏகப்பனிடமே வந்து கேட்டாள்.

"இந்தப் பொண்ணு யாரு? பாத்த மாதிரி இல்லையே?"

ஏகப்பன் தொண்டையைக் கனைத்தார். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். உமையாளும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் நாக்கு எழும்பவில்லை.

"எங்க வீட்டு மூத்தது" என்றாள் தேனம்மை, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவள், நிற்காமலே.

அந்த அம்மாள், "அப்படியா" என்று நகர்ந்துவிட்டாள். உமையாள் குனிந்து பூவை வைத்து முடித்தாள். ஏகப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டாங்கட்டுப் பக்கம் நடந்து போய், சமையல்காரரிடம் சாம்பாருக்கு உப்புப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். அவர் பார்த்தாயிற்று என்றார். ஏகப்பன் அங்கேயே ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.